தொழினுட்பக் கல்வியும் ஆசிரியர் கடமையும்

ஒரு கல்லூரி விழாக் கொண்டாடும்போது தான் உருவாக்கிய மைந்தரைப் பெயர் சொல்லிப் பெருமிதம் கொள்வது இயல்பு. வைத்தியர், நியாயவாதி, பொறியியலாளர், அரச நிருவாகி, அதிபர், ஆசிரியர் என்று அப்பெயர்கள் வரிசைப்படுத்தப்படும். அவ்வரிசையைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும் அதே வகுப்பறைகளில், அதே வாங்குகளில் அமர்ந்து படித்தோருட் பெரும்பாலோர் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. உப்பளத்திற் கண்காணிப்பாளராய் இருப்பவர், படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், இறாற் பண்ணையில் நீரின் தன்மையைக் கவனிப்பவர், தும்பு ஆலை நடத்துபவர், வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்பவர் ஆகிய இவர்களும் நமது கல்லூரியின் பழைய மாணவர்களே. இவர்கள் இன்று செய்யும் தொழிலுக்கும் நாம் அன்று கற்பித்த பாடத்துக்கும் இருந்த தொடர்பு யாது? விழா ஆண்டிலே இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமற்றதன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. தொழினுட்பக் கல்வி நமது பாடசாலைகளில் மதிப்போடு நிலைபெற வேண்டுமாயின், அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தமக்கென ஒரு தொழில்சார் சங்கம் அமைத்து அதற்காக வாதாட முன்வர வேண்டும். அரசாங்கம் திட்டம் தீட்டும். வேறோர் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிடும். இவ்விரண்டுக்கும் அப்பால் நின்று, ஆண்டுதோறும் அதே கோரிக்கையை அதே உறுதியோடு எடுத்துரைக்கத் தக்கவர் ஆசிரியரே.

முதலில் நாம் வாழும் கரையை நோக்குவோம். சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம், கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் இக்கரையைப் போல் இத்துணைத் தொழில்கள் நெருங்கி அமைந்த நிலப்பரப்பு இலங்கையிற் சிலவே. ஆனால் இத்தொழில்கள் ஒவ்வொன்றினுள்ளும் எவ்வளவு கல்வி பொதிந்து கிடக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

உப்பை எடுத்துக்கொள்வோம். கடல்நீரை வயலிற் பாய்ச்சினால் வெயில் உப்பாக்கிவிடும் என்பதே பலர் எண்ணம். உண்மையோ வேறு. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கே உப்புக்கள் உள்ளன. அந்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றிச் செறிவேற்றும்போது, அதன் அடர்த்தியை நீரமானி கொண்டு போமே பாகையில் அளந்து வருவர். முதலிற் சுண்ணச் சேர்க்கைகளும் பின்னர் ஜிப்சமும் படியும். ஏறத்தாழ 25 பாகையை அடைந்த பின்னரே நாம் உண்ணும் உப்புப் படியத் தொடங்கும். 29 அல்லது 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் மகனீசிய உப்புக்கள் கலந்து, உப்புக் கைப்பதோடு ஈரங் கசியும். இரசாயனம், பௌதிகம், வானிலை அறிவு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் தொழில் இது. நான்கு புறமும் கடல் சூழ்ந்த இத்தீவு, பருவந் தவறிய மழையினால் உற்பத்தி குன்றி, 2025ஆம் ஆண்டிலே வெளிநாட்டிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. மழையை நாம் தடுத்தல் இயலாது. ஆனால் மாறிவரும் பருவத்துக்கு ஏற்ப உப்பளத்தை நடத்தும் அறிவை வளர்த்தல் இயலும். உப்பளத்துக்கு அண்மையில் உள்ள பாடசாலையிலே, நீரமானியைப் பாடப்புத்தகத்துப் படமாக மட்டும் கண்டு பரீட்சை எழுதும் மாணவன் இருப்பானாயின், அது யாருடைய குறை?

இறால் வளர்ப்பின் வரலாறு இன்னும் கசப்பானது. 1980களில் இக்கரையெங்கும் விரைந்து பரவிய அத்தொழிலை 1990களின் நடுப்பகுதியில் வெண்புள்ளி நோய் தாக்கியது. குளங்கள் பல கைவிடப்பட்டன. கடன்பட்டு முதலிட்ட குடும்பங்கள் நொடித்தன. ஒரு பண்ணை வெளியேற்றும் நீரே ஒல்லாந்தர் வாய்க்காலிலும் முந்தற் களப்பிலும் கலந்து, மற்றொரு பண்ணைக்கு உள்வாங்கும் நீராகின்றது. ஆகவே ஒருவன் தன் குளத்தை மட்டும் காத்துப் பயனில்லை. குஞ்சுகளை விடுமுன் சோதித்தல், நீரைத் தூய்மை செய்தல், அயற் பண்ணையாரோடு கூடிக் காலம் வகுத்து வளர்த்தல் ஆகிய இவையெல்லாம் படித்துப் பெறவேண்டிய அறிவு. அவ்வறிவு முந்தி வந்திருப்பின் இழப்பிற் பெரும் பகுதி குறைந்திருக்கும்.

தென்னையோ இம்மாவட்டத்தின் உயிர்நாடி. 1929ஆம் ஆண்டு முதல் லுணுவிலையிலே தென்னை ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. நமது மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் அந்நிலையத்தின் அறிவு, நமது பாடசாலைத் தோட்டத்தை எட்டியிருக்கின்றதா? அறுவைக்காட்டிற் சுண்ணக்கல் அகழ்ந்து, புகையிரதத்தில் ஏற்றிப் பாலாவியிற் சீமெந்தாக்குகின்றனர். நுரைச்சோலையில் 2011இல் முதற் பகுதி இயங்கத் தொடங்கி, 2014இல் முழுமையடைந்த அனல்மின் நிலையம், 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று பொறிகளோடு நாட்டின் மிகப் பெரிய மின் நிலையமாய் நிற்கின்றது. மாம்புரியிலே 2010 முதற் காற்றாலைகள் சுழல்கின்றன. உடப்பிற் கரைவலை இழுத்த கைகளின் வாரிசுகள் இன்று பைபர் படகும் திசைகாட்டும் கருவியும் கொண்டு ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். இத்தனையும் நம் கண்முன் நிகழ்கின்றன. ஆனால் இவற்றைச் செப்பனிடவும் மேற்பார்வை செய்யவும் வல்லவர் எங்கிருந்து வருகின்றனர்? வாயிற்காவலும் சுமைதூக்கலும் நம்மூர்ப் பிள்ளைக்கு, பொறியை இயக்கும் வேலை வெளியூர்ப் பிள்ளைக்கு என்ற நிலை வருமாயின், தொழிற்சாலை நம்மூரில் இருப்பதனால் நமக்கு எஞ்சுவது புகையும் தூசியுமே.

நிற்க. இந்நிலைக்குக் காரணம் நமது மாணவரின் சோம்பலன்று. இலங்கைத் தொழினுட்பக் கல்லூரி மருதானையில் தோன்றியது 1893ஆம் ஆண்டில். அதாவது தொழினுட்பக் கல்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆயினும் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆங்கிலம் படித்து இலிகிதர் உத்தியோகம் பெறுவதே கல்வியின் பயன் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கலாநிதி கன்னங்கரா தலைமையில் அமைந்த கல்வி விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை, இலவசக் கல்விக்கு வழிகோலியதோடு, செய்முறைக் கல்விக்கென ஒருவகைப் பாடசாலையையும் விதந்துரைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனால் நாம் வாழ்வு பெற்றோம். ஆனால் செய்முறைப் பாடசாலை என்ற யோசனை வேரூன்றவில்லை. ஏழைப் பிள்ளைகளை அதற்குள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற ஐயம் அன்றே எழுந்தது.

பின்னர் 1971ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி நாட்டை உலுக்கியது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழிலாளர் தாபனம் அனுப்பிய குழு, நமது கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டிற் கிடைக்கும் தொழிலுக்கும் பொருத்தமில்லை என்பதை எடுத்துக்காட்டியது. 1972இல், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராய் இருந்தபோது, 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அந்தந்த ஊரில் வழங்கும் தொழிலையே அந்தந்தப் பாடசாலையிற் கற்பித்தல் என்பது அதன் அடிப்படை. சிந்தனை அளவில் அது சிறந்ததே. ஆனால் அத்தொழில்களிற் பயிற்சி பெற்ற ஆசிரியர் போதாமலும், கருவிகள் போதாமலும், பெற்றோர் நம்பிக்கை கொள்ளாமலும் திட்டம் தள்ளாடியது. 1977இல் ஆட்சி மாறவே திட்டமும் மறைந்தது. பாடத்தை வகுத்தது அமைச்சு, எடுத்துவிட்டதும் அமைச்சு. இடையில் நின்று கற்பித்தோரின் அனுபவத்தைத் திரட்டி, குறையை நீக்கிக் குணத்தைக் காக்க வல்ல ஆசிரியர் அமைப்பு ஒன்று உறுதியாய் நின்றிருக்குமாயின், விதையையும் களையையும் ஒருங்கே பிடுங்கி எறிந்திருக்க மாட்டார்கள்.

அதன் பின்னரும் நன்முயற்சிகள் பல உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை, தொழிற் கல்விக்கென ஓர் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. 1995இல் தொழிற் பயிற்சி அதிகார சபைக்கான சட்டமும், 2004இல் ஏழு நிலைகளைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறையும் வந்தன. அம்முறையின் ஏழாம் நிலை பட்டத்துக்குச் சமமானது. பள்ளியில் தொழில் கற்றவன் படிப்படியாய்ப் பட்டதாரியாகவும் உயரலாம். 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் இதற்கெனப் பல்கலைக்கழகமே அமைந்தது. பத்திரமின்றித் தொழில் பழகிய முதியவரும் தம் திறனைச் சோதனையிற் காட்டித் தகைமை பெறலாம். 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பத் துறை தொடங்கி, 2015இல் முதற் பரீட்சை நடைபெற்றது. 2017இல் 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் கீழ்த் தொழிற்றுறைப் பாடங்கள் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் அறிமுகமாயின. வாயில்கள் திறந்தே இருக்கின்றன. ஆயினும் அவ்வாயில்களை மாணவனுக்குக் காட்டுபவர் யார்? "கணிதமும் விஞ்ஞானமும் வராதவன் அங்கே போகட்டும்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நீங்கும்வரை, எந்தச் சட்டமும் அத்துறைக்கு மதிப்பைத் தேடித் தராது.

இவ்விடத்தே வேறொரு நாட்டின் அனுபவம் நமக்குத் துணைசெய்யும். அமெரிக்காவிலே 1906ஆம் ஆண்டிற் கைத்தொழிற் கல்வியை வளர்ப்பதற்கெனத் தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் செயலாளராய்ப் பணியாற்றிய சார்ள்ஸ் புரொசர் போன்றோரின் இடைவிடா முயற்சியினால், 1917இல் சிமித்-ஹியூஸ் சட்டம் நிறைவேறி, பள்ளித் தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி அரசின் பணம் முதன்முறையாகக் கிடைத்தது. 1926இல் தொழிற்கல்வி ஆசிரியரும் அத்துறை நிருவாகிகளும் அமெரிக்கத் தொழிற்கல்விச் சங்கமாய் ஒன்றுகூடினர். தொழிற்கல்வி என்ற சொல்லே இழிவாய்க் கருதப்படலாயிற்று என்பதை உணர்ந்து, 1998இல் அச்சங்கம் தன் பெயரை வாழ்க்கைத் தொழில், தொழினுட்பக் கல்விச் சங்கம் என்று மாற்றிக்கொண்டது. 1984இல் இயற்றப்பட்ட பேர்க்கின்ஸ் சட்டம் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 2006இற் சட்டத்தின் பெயரும் அவ்வாறே மாறியது. 2018இல் இரு கட்சியினரின் ஆதரவோடும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. அங்கும் ஆட்சிகள் மாறின, போர்கள் வந்தன, பஞ்சமும் வந்தது. ஆனால் 1917இல் இட்ட விளக்கு அணையவில்லை. அந்நாட்டின் செல்வமே அதற்குக் காரணம் என்பார் உளர். செல்வம் மட்டும் போதாது. ஒவ்வோர் ஆட்சியின் வாயிலிலும் சென்று நிற்கும் ஒரு சங்கமும் வேண்டும்.

அந்நாட்டினின்றே எச்சரிக்கையும் கிடைக்கின்றது. தொழிற்கல்வியைப் பொதுக்கல்வியினின்று பிரித்து வைத்தால், தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாகவே இருக்கும்படி கல்வி அமைந்துவிடும் என்று அறிஞர் ஜோன் டூயி அன்றே வாதாடினார். நமக்கு இன்னும் அண்மையில், 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அவர்கள் கொணர்ந்த திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைவுகூர்வோம். நாளிற் சில மணிநேரம் பள்ளியிலும், எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் பிள்ளைகள் பழக வேண்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று பெரியாரும் பிறரும் அதனை எதிர்த்தனர். 1954இற் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. வலைஞனின் மகன் வலையையே இழுக்கட்டும் என்று விதிக்கும் கல்வி கல்வியன்று. வலைஞனின் மகன் விரும்பினால் மீன்வளத்தில் வல்லுநனாகலாம், விரும்பினால் வைத்தியனுமாகலாம் என்று இரு கதவையும் திறப்பதே கல்வி. உப்பளத் தொழிலாளியின் மகள் மின்னியல் கற்கவும், அரச உத்தியோகத்தரின் மகன் தச்சு கற்கவும் கூச்சமின்றி முன்வரும் நாளே தொழினுட்பக் கல்வி வெற்றி பெற்ற நாள். இந்த வேறுபாட்டைக் காவல் செய்ய வேண்டியவர் யார்? அமைச்சின் சுற்றறிக்கை அதனைச் செய்யாது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே செய்ய முடியும்.

ஆதலால் புத்தளம், சிலாபம் ஆகிய இரு கல்வி வலயங்களிலும் தமிழ் மொழி மூலம் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், கணினி, செய்முறைப் பாடங்கள் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் ஒரு சங்கமாய் இணைய வேண்டும் என்று வேண்டுகின்றேன். இந்து, முஸ்லிம், கத்தோலிக்கப் பாடசாலை என்ற பேதம் இதில் வேண்டா. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் இக்கரையிலேயே தஞ்சம் புகுந்தனர். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே மொழியிற் படித்து ஒரே தொழிலுக்குப் போட்டியிடுகின்றனர். வடமேல் மாகாணத்தில் தமிழ் மொழி மூலப் பாடசாலைகள் சிறுபான்மையே. சிறுபான்மையோர் தனித்தனியே பேசினால் யார் செவியிலும் ஏறாது.

இச்சங்கம் சம்பள உயர்வு கேட்கும் தொழிற்சங்கத்துக்கு மாற்றன்று. அது கேட்கத் தக்கதே; அதற்கென அமைப்புக்கள் உள்ளன. இச்சங்கத்தின் வேலை வேறு. முதலாவது, உப்பளம், பண்ணை, ஆலை, மின்நிலையம் ஆகியவற்றில் எத்தகைய திறன் வேண்டப்படுகின்றது என்பதை ஆண்டுதோறும் நேரிற் கண்டு எழுதி வைத்தல். இரண்டாவது, விடுமுறைக் காலத்தில் ஆசிரியர் அத்தொழிற்களங்களுக்குச் சென்று தாமே பழகி வர ஒழுங்கு செய்தல். பழகாத கையாற் கற்பிக்கும் தொழில் ஏட்டுச் சுரைக்காயே. மூன்றாவது, தமிழிற் பாடக்குறிப்பும் கலைச்சொல்லும் ஆக்கிப் பகிர்தல். பொறியியல் தொழினுட்பவியலையும் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலையும் தாய்மொழியிற் கற்கும் மாணவனுக்குப் புத்தகம் போதாமை பெருந் தடையாகும். நான்காவது, வலயப் பணிமனை, மாகாணக் கல்வித் திணைக்களம், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம், தொழிற் கல்வி ஆணைக்குழு ஆகியவற்றின் முன் கணக்கோடும் சான்றோடும் சென்று ஆசிரியர் நியமனமும் கருவியும் கோருதல். ஐந்தாவது, பெற்றோரைக் கூட்டி, தொழிற்றகைமை முறையின் ஏழு படிகளையும் விளக்கி, இது தோற்றவரின் புகலிடமன்று என்று உணர்த்துதல்.

இதற்கு மறுப்புரைப்பார் உளர் என்பதை அறிவேன். "சங்கம் கூடினாற் சண்டையே மிஞ்சும், பதவிக்குப் போட்டியே நடக்கும்" என்பர் சிலர். பதவியைக் குறைத்துப் பணியைக் கூட்டினால் அச்சம் பெரிதும் நீங்கும். "கருவியில்லாமற் கற்பிப்பது எங்ஙனம்?" என்பர் வேறு சிலர். நியாயமான கேள்வி. ஆனால் இக்கரையே ஒரு பெரிய தொழிற்கூடம். ஒரு நீரமானிக்கும், நீரின் அமிலத்தன்மையைச் சோதிக்கும் தாளுக்கும், பழைய படகு எஞ்சினுக்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. கேட்டுப் பெறும் முயற்சியே வேண்டும். "நல்ல மாணவரைத் தொழிலுக்குத் திருப்பினால் கல்லூரியின் பல்கலைக்கழக அனுமதி எண்ணிக்கை குறைந்து பெயர் கெடும்" என்பதே மனத்துள் வைத்துச் சொல்லாத மறுப்பு. இதற்கு விடை எளிது. பல்கலைக்கழகம் புகும் சிலரால் மட்டும் ஒரு கல்லூரியை அளப்பது, பூத்த கிளையை எண்ணி மரத்தை மறப்பதாகும். உயர்தரப் பரீட்சை எழுதியும் பல்கலைக்கழகம் புகாதாரே எப்போதும் பெருந்தொகையினர். அவர்கள் கையில் நாம் கொடுத்தனுப்புவது ஒரு பெறுபேற்றுத் தாள் மட்டுமா?

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்கென நிதி திரட்டும்போது மண்டபமும் வளைவும் கட்டுதல் நம் வழக்கம். அவை வேண்டும். அவற்றோடு, தொழிற் களங்களில் இருக்கும் நமது பழைய மாணவரைத் தேடிப் பெயர்ப் பட்டியல் ஒன்று ஆக்குக. உப்பளத்தில் இருப்பவர் ஒருவர், மின்நிலையத்தில் இருப்பவர் ஒருவர், பண்ணையில் இருப்பவர் ஒருவர் ஆண்டுக்கு இருமுறை வகுப்பறைக்கு வந்து பேசுவாராயின், அதற்கு ஈடான நன்கொடை வேறில்லை. மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கையில் எண்ணெய் படியும் தொழில் மதிப்புக் குறைந்ததென்று உங்களுக்கு யாரேனும் கூறினால், நுரைச்சோலையின் பொறி ஒரு நாள் நின்றால் நாடெங்கும் என்ன நேரும் என்று அவரைக் கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, கல்விச் சீர்திருத்தம் மீண்டும் பேசப்படும் காலம் இது. திட்டம் கொழும்பில் எழுதப்படும். அதில் நமது கரையின் உப்பும் களப்பும் இடம்பெற வேண்டுமாயின், எழுதுவோர் முன் நாம் ஒரு சங்கமாய்ச் சென்றிருக்க வேண்டும். இவ்விழா ஆண்டு முடிவதற்குள், பத்துப் பேர் கூடினாலும் போதும், நமது கல்லூரி மண்டபத்திலேயே முதற் கூட்டத்தைக் கூட்டுவோம். அக்கூட்டத்துக்கு அயற் பாடசாலை ஆசிரியரையும் முறையாக அழைப்போம். முதல் வேலையாக, இரு வலயங்களிலும் எந்தெந்தத் தமிழ்ப் பாடசாலையில் எந்தத் தொழினுட்பப் பாடம் நடைபெறுகின்றது, எங்கே ஆசிரியர் இல்லை, எங்கே கருவி இல்லை என்ற கணக்கை எடுப்போம். அக்கணக்கு நமது கையில் இருக்குமாயின், அடுத்த முறை அமைச்சு கேட்குமுன்னரே நாம் பேசத் தொடங்கலாம்.